காணி என் பெயரில் இருக்கும்போது கணவரின் கையெழுத்து எதற்கு? சீடோ சமவாயத்தைக் காட்டி இதை மாற்ற முடியாதா?

நீங்கள் எழுதியதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், சொந்த ஊர் கொக்குவில். கல்யாணத்தின்போது அம்மா உங்கள் பெயரில் எழுதித் தந்த சீதனக் காணி ஒன்று அங்கே இருக்கிறது. கனடா போன கணவரோடு சில வருஷங்களாகத் தொடர்பே இல்லை, விவாகரத்தும் ஆகவில்லை. மகளின் படிப்புச் செலவுக்காகக் காணியை விற்கப் போனால், கணவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் உறுதி, அதாவது காணிப் பத்திரம், முடிக்க முடியாது என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். பெண்களுக்கு எதிரான சகல விதமான பாகுபாடுகளையும் ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை, அதாவது சீடோவை, இலங்கை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டதே, அதைக் காட்டி இந்தச் சட்டத்தை உடைக்க முடியாதா, முடியாவிட்டால் அந்த ஒப்பந்தமெல்லாம் யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று காணியைப் பற்றியது. மற்றது, அரசு உலகத்துக்குக் கொடுத்த வாக்கை அதன் குடிமகள் ஒருத்தி கேட்டு வாங்க முடியுமா என்பது. இரண்டுக்கும் விடை ஒன்றல்ல, அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

கொழும்பு, புதுக்கடை நீதிமன்றங்களில் காணி வழக்கும் குடும்ப வழக்குமாகப் பல வருஷம் வேலை செய்தவள் நான். பிறகு ஜெனீவாவில் இருக்கும் சீடோ குழுவுக்கு அறிக்கை எழுதும் பெண்கள் அமைப்புகளோடும் வேலை செய்திருக்கிறேன். உங்கள் உறுதியை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். காணி வழக்கில் உறுதியின் ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிடும். உதாரணமாக, சீதனம் என்று சொல்லிக்கொண்டே மகள், மருமகன் இருவர் பெயரிலும் எழுதிக் கொடுத்த உறுதிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். உங்களுடையது அப்படியானால் கீழே சொல்வதில் பாதி பொருந்தாது.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களால் அந்தக் காணியை விற்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வழி சீடோவில் இல்லை. உங்களைத் தடுக்கிற அதே பழைய சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

நொத்தாரிசு உங்களிடம் வீம்புக்கு நிற்கவில்லை. தேசவழமைக்கு, அதாவது வட மாகாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட கல்யாணமான பெண்ணின் சொத்துரிமையை இன்றைக்கும் ஆள்வது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க, யாழ்ப்பாணத்துக்கான விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன் 6ஆம் பிரிவின்படி உங்கள் நகை, பணம் போன்ற அசையும் சொத்தை யாரையும் கேட்காமல் விற்கலாம். மரணசாசனம் எழுதி முழுக் காணியையும் யாருக்கு வேண்டுமானாலும் விட்டுப் போகலாம், அதற்கும் கணவரைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போது அந்தக் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். செத்த பிறகு செல்லுபடியாகிற உங்கள் விருப்பம், உயிரோடு இருக்கும்போது மட்டும் ஏன் செல்லாது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் எனக்கு நேரான விடை சொன்னதில்லை. கணவர் தன் முதுசக் காணியை விற்பதற்கு உங்களைக் கேட்கவேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாகுபாடு என்றால் இதுதான், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொரு பக்கம், 1923இல் வந்த விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் பொதுச் சட்டத்தின் கீழ் வருகிற மனைவிமாருக்குத் தங்கள் சொத்தைத் தாங்களே கையாளும் முழு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணுக்கும் உங்களுக்கு இருக்கும் இந்தத் தடை இல்லை. ஆக, தமிழர் பண்பாடு என்று இதற்குப் பெயர் வைப்பதும் சரியில்லை. ஒரே மொழி பேசுகிற, ஒரே கோயிலுக்குப் போகிற இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மட்டும் இந்தக் கட்டு.

சமவாயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் எழுத்தைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் மிகப் பலமாக இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை இதை 1979 டிசம்பர் 18இல் ஏற்றுக்கொண்டது. 1981 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1980இல் கையெழுத்து வைத்து, 1981 ஒக்டோபர் 5இல் ஏற்புறுதி செய்தது. 15ஆம் உறுப்புரை, ஒப்பந்தம் செய்வதிலும் சொத்தை நிர்வகிப்பதிலும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான உரிமை வேண்டும் என்கிறது. 16ஆம் உறுப்புரை இன்னும் கிட்ட வந்து, சொத்தை வைத்திருக்க, வாங்க, நிர்வகிக்க, அனுபவிக்க, கைமாற்றக் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே உரிமை என்கிறது. உங்கள் பிரச்சினையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். அதற்கும் மேலாக, பல நாடுகள் மதச் சட்டத்தையும் வழக்காற்றுச் சட்டத்தையும் காரணம் காட்டி 16ஆம் உறுப்புரைக்கு ஒதுக்கீடு போட்டுத்தான், அதாவது அந்தப் பகுதி எங்களைக் கட்டாது என்று எழுதி வைத்துத்தான், சேர்ந்தன. இந்தியா 1993இல் சேர்ந்தபோதுகூடச் சமூகங்களின் தனிப்பட்ட விடயங்களில் தலையிடமாட்டோம் என்று ஒரு பிரகடனத்தைச் சேர்த்துக்கொண்டது. இலங்கை எந்த ஒதுக்கீடும் போடவில்லை. தேசவழமை இருக்கிறது, கண்டியச் சட்டம் இருக்கிறது, முஸ்லிம் விவாகச் சட்டம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே முழுச் சமவாயத்தையும் அப்படியே ஏற்றது. எனவே இந்த 6ஆம் பிரிவைச் சட்டப்புத்தகத்தில் வைத்திருப்பதன் மூலம் இலங்கை தன் வாக்கை மீறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வாக்கு அரசைத்தான் கட்டுகிறது. நொத்தாரிசையோ மாவட்ட நீதிபதியையோ நேராகக் கட்டாது. இதுதான் பலருக்கும் ஏமாற்றம் தருகிற இடம். நம்முடைய சட்டமுறையில் சர்வதேச உடன்படிக்கையும் உள்நாட்டுச் சட்டமும் வேறு வேறு, பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி உள்ளே கொண்டுவந்தால்தான் உடன்படிக்கை நீதிமன்றத்தில் உரிமையாக நிற்கும். இதை உயர் நீதிமன்றம் 2006இல் சிங்கராசா வழக்கில் மிகக் கடுமையாகச் சொன்னது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட ஒரு தமிழர், ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போய்த் தன் பக்கம் கருத்துப் பெற்று வந்தார். அதைக் காட்டித் தீர்ப்பை மீளாய்வு செய்யக் கேட்டபோது, தனிமனிதர் ஐ.நா. குழுவிடம் முறையிட வழி செய்யும், குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் விருப்பத்தெரிவு நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு 2007இல் அந்த உடன்படிக்கையின் சில பகுதிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. சீடோவை அப்படி முழுதாக உள்ளே கொண்டுவரும் சட்டம் இன்றுவரை இல்லை. 1993இல் மகளிர் சாசனம் வந்தது, அது கொள்கை ஆவணம், அதை வைத்து வழக்குப் போட முடியாது. 2024இல் பெண்களை வலுவூட்டும் சட்டம் நிறைவேறி, ஒரு தேசிய ஆணைக்குழுவுக்கு வழி செய்தது, நல்ல விஷயம், ஆனால் அதுவும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடவில்லை.

சரி, சீடோ வேண்டாம், நம்முடைய அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையே பால் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறதே, அதை வைத்து அடிப்படை உரிமை மனுப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே 16ஆம் உறுப்புரை குறுக்கே நிற்கிறது (சமவாயத்தின் 16 அல்ல, அரசியலமைப்பின் 16). 1978இல் அரசியலமைப்பு வந்தபோது ஏற்கெனவே இருந்த சட்டங்கள், எழுதியவையானாலும் எழுதாதவையானாலும், அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று அது சொல்கிறது. 1911 அதற்குள் அடங்கிவிட்டது. அதோடு அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் போடலாம், அதுவும் ஒரு மாதத்துக்குள். கையெழுத்துத் தராதவர் உங்கள் கணவர், உறுதி முடிக்காதவர் ஒரு தனியார் நொத்தாரிசு. இந்த வழி உங்களுக்குத் திறக்காது. யாராவது மனுப் போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த நாட்டில் பெண்களின் சமத்துவத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரேயொரு வசனத்தைச் சொல்லச் சொன்னால் அரசியலமைப்பின் இந்த 16ஆம் உறுப்புரையைத்தான் சொல்வேன். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைக் காப்பாற்றுவதும் இதுதான். அந்தச் சட்டத்தில் பெண் காதியாக, அதாவது முஸ்லிம் விவாக நீதிபதியாக, முடியாது, மணமகள் பதிவில் கையெழுத்து வைக்கத் தேவையில்லை, திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது இல்லை, பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் மட்டும் காதியின் அனுமதி வேண்டும். முஸ்லிம் பெண்களே பல பத்தாண்டுகளாக இதை மாற்றக் கேட்டு நிற்கிறார்கள். 2009இல் அமைத்த குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. இதை எழுதக் காரணம், கொழும்பில் நம்முடைய ஆட்கள் பலர் முஸ்லிம் சட்டத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசுவார்கள், தங்கள் வீட்டு மகள் காணி விற்கக் கையெழுத்துக் கேட்டு அலைவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இரண்டும் ஒரே கதவின் பின்னால் பத்திரமாக இருக்கின்றன.

அடுத்து ஜெனீவா. சீடோவுக்கும் ஒரு விருப்பத்தெரிவு நெறிமுறை உண்டு, 1999இல் வந்தது, இலங்கை 2002இல் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை, ஆக அந்த அளவில் உங்களுக்கு இருக்கும் வழி தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு இல்லை. இதன்படி உரிமை மீறப்பட்ட ஒருவர் 23 நிபுணர்கள் இருக்கும் குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது. பெயர் சொல்லாமல் முறையிட முடியாது. நம் நாட்டவர் கலாநிதி சாவித்திரி குணசேகரவும் முன்பு அந்தக் குழுவில் இருந்திருக்கிறார். இலங்கைக்கு எதிராக இந்த வழியில் போய் வென்ற உதாரணமும் உண்டு. பெண்களுக்கிடையிலான தற்பால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவை எதிர்த்து ரொசானா பிளேமர் கல்தேரா முறையிட்டார், 2022இல் குழு அவர் பக்கம் முடிவு சொன்னது. உலக அளவில் பேசப்பட்ட முடிவு அது. ஆனால் பிரிவு நீக்கப்படவில்லை. குழு சொல்வது தீர்ப்பு அல்ல, கருத்தும் பரிந்துரையும். அரசு ஆறு மாதத்துக்குள் பதில் எழுதவேண்டும், அதற்கு மேல் பலவந்தம் செய்ய யாரும் இல்லை. சிங்கராசா வழக்கின் நிழல் இந்த நெறிமுறையின் மேலும் விழுமா என்பது சட்டத்தரணிகளுக்குள் வாதத்துக்குரிய கேள்வி. அந்தத் தீர்ப்பு சீடோவைப் பற்றியதல்ல, ஆனால் அதன் காரணங்களை எடுத்துக்கொண்டால் விழும் என்று வாதிட இடமிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் ஜெனீவா ஏன் முதல் படி ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்நாட்டில் இருக்கும் பரிகாரங்களை முயன்று முடித்த பிறகுதான் அங்கே போகலாம், அவை பயன் தராதவை, அல்லது அளவுக்கு மீறி இழுபடுகின்றன என்று காட்டினால் விலக்கு உண்டு. உங்களுக்கு உள்நாட்டில் ஒரு பரிகாரம் இருக்கிறது. அதை முயலாமல் போனால் குழு முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பக்கூடும். இருக்கிற பரிகாரமே, அதாவது கணவனின் அனுமதிக்குப் பதிலாக நீதிபதியின் அனுமதியைக் கேட்க வைப்பதே, பாகுபாடுதான் என்று வாதிடலாம், அந்த வாதம் எனக்குப் பிடித்தமானது, ஆனால் வெல்லும் என்று உறுதி கூற மாட்டேன். மகளின் படிப்புச் செலவுக்குக் காத்திருக்கும் ஒருவரை அந்தப் பரிசோதனைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

அப்படியானால் சமவாயம் எதற்கு என்ற உங்கள் கோபத்துக்கு வருகிறேன். இந்தக் கோபம் நியாயமானது, ஆனால் முடிவு தவறு. சமவாயம் ஒரு பெண்ணின் வழக்கை அன்றைக்கே வெல்ல உதவுவது அபூர்வம், சட்டத்தை மாற்ற நினைக்கிறவர்களின் கையில் அது பெரிய பலம். 2003 வரைக்கும் வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்த இலங்கைப் பெண்ணின் பிள்ளைக்குத் தாய் வழியாகக் குடியுரிமை இல்லை, தகப்பன் வழியாகத்தான் வரும். தாயின் பிள்ளை தாயின் நாட்டிலேயே விசாவில் இருக்கவேண்டிய நிலை. 2003இல் சட்டத்தைத் திருத்தி தாய், தகப்பன் இருவரில் யார் வழியாகவும் வரலாம் என்றாக்கினார்கள். சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை கேட்டது அதைத்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிக்குப் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் மகள்மாருக்கு முன்பாக மகன்மார், அவர்களிலும் மூத்தவர் முதலில் என்ற வரிசை இருந்தது. கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் எத்தனையோ குடும்பங்களில் தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்த மகளைத் தள்ளிவிட்டு, எங்கோ இருந்த அண்ணனுக்குக் காணி போனது இதனால்தான். 2022இல் அதைத் திருத்தினார்கள். 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2016இலும் 2017இலும் உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கினார்கள், அதற்கு முன் 2 வீதத்துக்கும் குறைவாக இருந்த பெண் உறுப்பினர் தொகை 2018 தேர்தலில் 20 வீதத்தைத் தாண்டியது. பாராளுமன்றத்துக்கு அப்படி ஒதுக்கீடு இல்லை, 1960இலேயே பெண்ணைப் பிரதமராக்கிய நாட்டில் அங்கே பெண்கள் இன்னும் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை.

இவையெல்லாம் சீடோவால் மட்டும்தான் நடந்தன என்று சொல்ல மாட்டேன். தேர்தல் கணக்கு, பெண்கள் இயக்கங்களின் விடாமுயற்சி, வெளிநாட்டு அழுத்தம், சில நேரம் ஒரு அமைச்சரின் நல்ல மனது, எல்லாம் சேர்ந்துதான் ஒரு திருத்தம் பாராளுமன்றம் வரை போகிறது. ஆனால் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் அரசு அந்தக் குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்து, இந்தச் சட்டத்தை ஏன் இன்னும் மாற்றவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். 2017இல் நடந்தது, 2025 பெப்ரவரியில் மறுபடி நடந்தது. அரசு தன் அறிக்கையில் சொல்லாமல் விடுவதைப் பெண்கள் அமைப்புகள் நிழல் அறிக்கையில் எழுதி அனுப்பும். அந்த வேலையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், தனிப்பட்ட பெண்களின் உண்மைச் சம்பவங்கள் இல்லாத அறிக்கையை அங்கே யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. முஸ்லிம் பெண்கள் தங்கள் சட்டத்தைப் பற்றிச் சம்பவம் சம்பவமாக ஆவணப்படுத்திக் கொடுத்ததால்தான் அது ஒவ்வொரு தடவையும் மேசைக்கு வருகிறது. தேசவழமையைப் பற்றி நம் பக்கத்திலிருந்து அந்த அளவுக்குப் போகவில்லை என்பது என் கணிப்பு.

ஏன் போகவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம், இதைத் தொட்டால் தமிழரின் அடையாளத்தைத் தொடுவதாக ஒரு பயம். போருக்குப் பிறகு அந்தப் பயம் கூடியிருக்கிறது, எனக்கு அது புரிகிறது. ஆனால் வரலாற்றைப் பாருங்கள். 1707இல் யாழ்ப்பாணத்தின் திசாவையாக, அதாவது நிர்வாகத் தலைவராக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, 12 முதலியார்கள், அதாவது உள்ளூர்த் தலைவர்கள், பார்த்துச் சரி என்று சொன்ன தொகுப்புத்தான் நாம் தேசவழமை என்கிற எழுத்து. அந்தப் பன்னிரண்டு பேரில் பெண் ஒருவரும் இல்லை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியதும் ஆங்கிலேயரின் சட்டவாக்க சபைதான். தாய்வழிச் சொத்து மகளுக்கு, அது அவளுடைய தனிச் சொத்து என்பது தேசவழமையின் பெருமைக்குரிய பக்கம், ஐரோப்பாவில் பல இடங்களில் மனைவியின் சொத்துக் கணவனுக்குள் கரைந்துபோன காலத்தில் நம்மிடம் அது இருந்தது. அதை வைத்துக்கொண்டு 6ஆம் பிரிவின் சம்மத வரியை மட்டும் நீக்கினால் தமிழருக்கு எதுவும் குறையாது. காணாமல் ஆக்கப்பட்ட கணவனின் கையெழுத்தை எங்கே போய் வாங்குவது என்று வடக்கில் நிற்கும் பெண்களை ஒரு தடவை நினைத்தால் போதும். 2016இல் வந்த திருத்தத்தால் காணாமற்போனவர் என்று ஒரு சான்றிதழ் பெற முடிகிறது, அது சில அலுவல்களுக்கு உதவுகிறது, ஆனாலும் அடிப்படையில் அந்தப் பெண் இன்னும் யாரோ ஒருவரிடம் அனுமதி கேட்கவேண்டியவளாகத்தான் இருக்கிறாள்.

இப்போது உங்கள் காணிக்கு வருகிறேன். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவைச் சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள். கணவன் கைவிட்டிருந்தால், இருவரும் இணங்கிப் பிரிந்து வாழ்ந்தால், அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தால், அல்லது மனைவியினதும் பிள்ளைகளினதும் நலன் வேண்டினால், அவருடைய சம்மதம் இல்லாமலே சொத்தைக் கையாள மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கைவிட்டமை, பிள்ளையின் நலன் என்ற இரண்டும் உங்களுக்குப் பொருந்துகின்றன. வழக்கமான காணி வழக்குப் போலத் தலைமுறை தலைமுறையாக இழுபடுகிற ஒன்றல்ல இது, மனுவும் சுருக்க விசாரணையும்தான். அதற்காக அடுத்த மாதமே முடிந்துவிடும் என்று வாக்குறுதி தரமாட்டேன். கணவருக்கு அறிவித்தல் கொடுப்பதில்தான் நேரம் போகும்.

சீடோவை நீதிமன்றத்துக்குள் கொண்டுபோக இடம் இருக்கிறதென்றால் அதுவும் இங்கேதான். நியாயமில்லாமல் மறுத்தல், மனைவியின் நலன் என்பவை விரிவான சொற்கள், நீதிபதி அவற்றுக்கு ஒரு பொருள் கொடுத்தாகவேண்டும். பொருள் கொடுக்கும்போது நாடு ஏற்றுக்கொண்ட சமவாயத்தின் 16ஆம் உறுப்புரையைக் கருத்தில் எடுங்கள் என்று உங்கள் சட்டத்தரணி கேட்கலாம். உடன்படிக்கையை நேராக அமுல்படுத்தக் கேட்பது வேறு, இருக்கிற சட்டத்தை அதன் வெளிச்சத்தில் வாசிக்கக் கேட்பது வேறு. இரண்டாவதை நம் நீதிமன்றங்கள் செய்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் பற்றிய ஐ.நா. பிரகடனங்களை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா வழக்கில் இன்னும் தூரம் போய், வேலைத்தளப் பாலியல் தொல்லைக்குச் சட்டமே இல்லாத இடத்தில் சீடோவை வைத்து வழிகாட்டல்களை உருவாக்கியது. நம்முடைய மாவட்ட நீதிபதி அவ்வளவு தூரம் போவார் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் எழுத்துச் சமர்ப்பணத்தில் ஒரு பந்தி சேர்ப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை, நாளைக்கு மேன்முறையீடு என்று போனால் அது பதிவில் இருக்கும்.

இன்னொன்றை மனுவுக்கு முன்பே சட்டத்தரணி பார்க்கவேண்டும். தேசவழமை உங்களுக்குப் பொருந்துமா என்பதே அது. தமிழர் என்பதால் மட்டும் அது ஒருவருக்குப் பொருந்தாது, வட மாகாணத்தின் நிரந்தரக் குடிகளுக்குத்தான். பல தலைமுறையாகக் கொழும்பில் நிலைத்துவிட்ட குடும்பமென்றால் பொருந்தாது என்று வாதிட இடமுண்டு. வேலைக்காகவும் படிப்புக்காகவும் கொழும்பில் இருப்பதால் மட்டும் அது விட்டுப் போகாது. நீங்களும் கணவரும் ஊரில் பிறந்து வளர்ந்து அங்கேயே பதிவுத் திருமணம் செய்தவர்கள் என்றால் பொருந்தும் என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். கணவர் தேசவழமைக்கு உட்படாதவர் என்றால் கதை வேறு, கல்யாணம் நிலைக்கும்வரை அந்தச் சட்டம் உங்களைக் கட்டாது. இந்தக் கேள்வியை நொத்தாரிசுகள் பெரும்பாலும் கேட்பதில்லை, கொக்குவில் காணி என்றவுடன் கையெழுத்துக் கேட்டுவிடுவார்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி போதாவிட்டால் புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமான நிபந்தனை உண்டு, தமிழில் பேசலாம். யாழ்ப்பாணத்திலும் கிளை இருக்கிறது. கொழும்பில் போடுவதா யாழ்ப்பாணத்தில் போடுவதா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். போகும்போது சீதன உறுதியின் பிரதி, விவாகப் பதிவுச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், கணவர் போன பிறகு பணமோ தொடர்போ இல்லை என்று காட்டக்கூடிய வங்கிக் கணக்கு, பழைய கடிதங்கள், வைபர் செய்திகள், மகளின் படிப்புச் செலவுக்கான பத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கணவரின் கனடா முகவரி தெரிந்தால் மறைக்காமல் கொடுங்கள், தெரியாதென்று சொல்லிப் பெற்ற கட்டளையை அவர் பின்னால் வந்து கலைக்க முடியும், அப்போது வாங்கினவரும் உங்களோடு வழக்கில் நிற்பார். அனுமதி கிடைத்தாலும் சரி, மறுத்தாலும் சரி, கட்டளையின் பிரதியை எடுத்து வையுங்கள். அடுத்த நிழல் அறிக்கைக்கு விவரம் சேர்க்கும்போது உங்கள் பெயரை வெளியே விடாமல் அதைச் சேர்க்கலாம், உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.